எட்டாம் நம்பர் கம்பி

"எட்டு இருக்கா?" என்று அண்ணன் கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மேசைமேல் ஒரு கிட்டாரைக் குப்புறப் போட்டு, அதன் வயிற்றைத் திறந்து, அறுந்துபோன ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சாப்பாடு என்று சொல்லிவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் வருவார், அதுவரை கடை என் ராஜ்யம்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கம்பி கேட்பவர்கள் நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். ஆறு கம்பிகளில் ஆக மெல்லியது எவ்வளவு கனமோ அதுதான் நம்பர். பத்து என்றால் நடுத்தரம், முக்கால்வாசிப் பேர் அதைத்தான் போடுவார்கள். ஒன்பது அதைவிட இளசு. எட்டு என்பது தையல் நூல்தான், லேசாகத் தொட்டாலே இணங்கிவிடும், கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் சுருதி பிசகிவிடும். பதினொன்று முரடு. அதில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கையில் வலு வேண்டும். அண்ணன் மீசை முளைத்த நாளிலிருந்து பதினொன்றுதான். அவன் வார இறுதியில் வாசிக்கும் ஓட்டலில் மேனேஜர் முதல் பாத்திரம் கழுவுகிறவர் வரை அவனைப் பதினொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது போட்டிருக்கும் கிட்டாரை யாராவது அவன் கையில் கொடுத்துவிட்டால், "என்னங்க, கொசுவலைல வாசிக்கச் சொல்றீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். அவ்வளவு திமிர். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

"யாருக்கு எட்டு?" என்றேன்.

"எனக்குத்தான்."

"ஏன், திருந்திட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. கிட்டார்ப் பெட்டியை வலது கையால் தூக்கிக் கவுண்டர்மேல் வைத்தான். இடது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. "புதுசா ஒரு கிட்டாரும் பாக்கணும் வாண்டு. வெயிட் கம்மியா இருக்கணும். கழுத்து ஒல்லியா இருந்தா நல்லது. நீயே பாத்து எடு," என்றான். நாற்பது தாண்டிய தங்கச்சியை இன்னும் வாண்டு என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் உரிமை.

எனக்குக் குஷியாகிவிட்டது. கிட்டார் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது எனக்கு அவ்வளவு பிடித்த வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் நிறத்தைப் பார்த்து விழுவார்கள். மீதிப் பேர் யாரோ மேடையில் வைத்திருந்ததைப் போட்டோவில் காட்டி இதுதான் வேண்டும் என்பார்கள். நான் முதலில் கையை நீட்டச் சொல்வேன். கைரேகை பார்க்கிறேன் என்று கேலி பேசுவார்கள், பேசட்டும். உள்ளங்கை அகலம், விரல் நீளம், உட்கார்ந்து வாசிப்பவரா நின்று வாசிப்பவரா, கம்பியை இழுத்து அழவைப்பவரா, பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கிக் கார்டு பிடித்துத் தாளம் போடுபவரா, இதையெல்லாம் கேட்ட பிறகுதான் சுவரிலிருந்து ஒன்றை இறக்குவேன். கழுத்து நீளமான கிட்டாரில் கம்பி விறைப்பாக நிற்கும், சத்தம் கணீரென்று வரும், விரல் பாடுபடும். கழுத்து குட்டையானால் அதே கம்பி தளர்ந்து கொடுக்கும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கீற்றுகள் உயரமாக இருந்தால் லேசான அழுத்தம் போதும். மெல்லிய கம்பிக்குச் சத்தம் சோனியாக இருக்கும், அதற்கு, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் பருத்ததாக வைத்த கிட்டாராகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறையும், அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டால் கிட்டார் கைக்குள் வந்து உட்காரும். அண்ணனிடம் மட்டும் கையை நீட்டச் சொல்லவில்லை. அவன் கை எனக்குத் தெரியாதா?

"முதுகு வலியா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றை இறக்கினேன்.

"வயசாகுதுல்ல."

"உனக்கு வயசாகுறது இருக்கட்டும், பதினொண்ணுங்கற பேர என்ன பண்றது? இனிமே எட்டுன்னு கூப்பிடணுமா?"

"நீயே வாசிச்சுக் காட்டு," என்றான். "எதிர்ல இருந்து கேட்டாத்தான் எனக்குச் சத்தம் பிடிபடும்."

நான் வாசிக்கத் தெரிந்தவள் இல்லை. பழுது பார்த்தபின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தேவையான நாலு கார்டுகள் தெரியும், அதற்குமேல் கேட்டால் வீட்டுக்குப் போங்கள் என்பேன். நீளக் கழுத்துக்காரனை முதலில் மடியில் வைத்து ஆம்ப் ஒலிபெருக்கியில் மாட்டி ஒரு கார்டு அடித்தேன். "அது வேணாம். பார் கார்டு பிடி. முதல் ஃப்ரெட்ல," என்றான். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே பட்டையாகக் கிடத்தி, பின்னாலிருந்து கட்டைவிரலால் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது பார் கார்டு. புதிதாகக் கற்பவர்கள் அங்கேதான் கண்ணீர் விடுவார்கள், அதுவும் முதல் ஃப்ரெட்டில் கம்பி ஆக விறைப்பாக இருக்கும். பிடித்தேன். வந்தது. அடுத்து குட்டைக் கழுத்து. அதிலும் அதே கார்டு, அதே ஃப்ரெட். மூன்றாவதிலும் அதையே கேட்டான். மூன்றிலும் கடையில் போட்ட ஒன்பதாம் நம்பர் கம்பிதான், சிரமம் இல்லை. ஆனால் சத்தம் கேட்கிறேன் என்றவன் ஒரு தடவைகூட ஆம்ப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குட்டைக் கழுத்துதான் உனக்கு," என்று தீர்ப்புச் சொன்னேன். "எடையும் கம்மி. சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கும், பிக்கப்ப ஏத்தி வச்சுச் சரி பண்ணிடலாம். எட்டுதான் வேணுமா? ஒம்பதுல ஆரம்பிச்சுப் பாரேன்."

"ஒம்பது முடியல."

முடியல என்ற சொல்லை அவன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பிடிக்கல என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். ஒன்பதில் எப்போது வாசித்துப் பார்த்தான், யாருடையதில்? பேச்சை வளர்க்காமல் அவனுடைய பழைய கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அவன் பழகிய உயரத்தையும் இடைவெளியையும் அளந்துகொண்டால் புதியதை அதற்கு ஏற்ப வைக்கலாம் என்று சாக்கு.

கம்பி மாற்ற வரும் கிட்டார்களில் நான் எப்போதும் செய்கிற ஒரு காரியம் உண்டு. விரல் நுனியைக் கம்பிக்கு அடியில் விட்டுத் தடவிக்கொண்டே போவேன். எங்கே அழுத்தி அழுத்தி வாசித்தார்களோ அங்கே ஃப்ரெட் பட்டுப் பட்டுக் கம்பியின் அடிப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். அண்ணன் கிட்டாரில் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்கும் நேராக ஆறு கம்பியிலும் வரிசையாகப் பள்ளம் இருக்கும், அவன் முழு கார்டு பிடித்துத் தாளம் போடுகிற ஆள். அன்று தடவினேன். வழவழவென்று இருந்தது. இந்த முனை முதல் அந்த முனை வரை புதுக் கம்பி போலவே இருந்தது. கழுத்தின் நடுவே, இரண்டே கம்பிகளில், நாலைந்து இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கீறல்கள். கம்பி புதிதும் இல்லை, மேலே கறுத்துத் துரு ஏறியிருந்தது. அவ்வளவு காலமாக ஓட்டலில் வாரா வாரம் அவன் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறான்.

"கையக் காட்டு," என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாரையும்தான் காட்டச் சொல்றேன். உனக்கென்ன தனி மரியாதை?"

இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, மேசை விளக்குக்கு அடியில், உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எல்லாருக்கும் கொழுகொழுவென்று ஒரு மேடு இருக்கும். அங்கே பள்ளமாக இருந்தது. தோல் மட்டும் எலும்போடு ஒட்டிக் கிடந்தது, விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தில் நிழல் விழுந்தது. தோலுக்கு அடியில் ஏதோ துள்ளியது. அவன் கையை அசைக்கவில்லை, அதுவாகத்தான் துள்ளியது.

அந்தப் பள்ளத்தை நான் இதற்குமுன் ஒரே ஒரு கையில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தபோது இந்த வருடச் சாக்பீஸ் சரியில்லை, ஈரம் கோத்திருக்கிறது என்றார். சொந்தக் காசில் வேறு வாங்கினார். அடுத்து பேனா. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பருமனான பேனா வாங்கினார், அதற்கும் மேலே நான் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொடுத்தேன். சட்டைப் பொத்தான் சிறிதாக இருக்கிறது என்றார், அம்மா எல்லாச் சட்டையிலும் பொத்தானைப் பிய்த்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்தாள். டம்ளர் வழுக்குகிறது என்றதும் அண்ணன் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் குவளை வாங்கிவந்தான். எங்கள் வீட்டில் உடம்பைச் சொல்லவே மாட்டோம், பொருளைத்தான் சொல்வோம். ஒவ்வொன்றை மாற்றியதும் அப்பா ஆகா, இப்போது பிரமாதம் என்பார், நாங்கள் எங்கள் கெட்டிக்காரத்தனத்தில் மிதப்போம். ஒரு நாள் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீரை எதைக் கொண்டு மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அப்போதுதான் டாக்டரிடம் போனோம்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியைத் திறந்து எட்டாம் நம்பர் பாக்கெட்டை எடுத்தேன். குட்டைக் கழுத்தை மேசையில் கிடத்தி, இருக்கிற கம்பிகளைத் தளர்த்தி வெட்டிப் போட்டேன். எட்டு போடலாம், கம்பியின் உயரத்தைத் தரையோடு தரையாக இறக்கலாம், சுருதியையும் ஒரு படி கீழே வைத்துக்கொண்டால் இன்னும் இளகும், உயரமான ஃப்ரெட் அடித்துக் கொடுக்கலாம் என்று என் மூளை பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனது. ஒரு வருடம் ஓட்டிவிடலாம். அதற்கப்புறம் என்ன என்ற இடத்துக்கு மூளை போகவில்லை, திரும்பத் திரும்ப ஃப்ரெட்டுக்கே வந்தது.

"டாக்டர்ட்ட போனேன்," என்றான் அண்ணன்.

நான் கம்பியை ஓட்டையில் நுழைத்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி குத்திக் கரண்ட் விட்டுப் பாத்தாங்க. அப்பாவக் கொண்டுபோன அதே நரம்பு வியாதிதான். ரத்தமும் எடுத்துக்கிட்டாங்க. பரம்பரைல வர்ற வகையாம்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. இங்க வந்துட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

அண்ணியிடம் சொல்வதற்குமுன் என்னிடம் வந்திருக்கிறான். கிட்டார்மேல் இருக்கும் ஆசையை யாரிடம் போய்ச் சொல்வான், என்னிடம்தானே வருவான் என்று நினைத்துக்கொண்டேன். "நான் இருக்கேன்ல. இத உன் கைக்குத் தோதா பண்ணித் தர்றேன். யாருக்கும் வித்தியாசமே தெரியாது," என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது அம்மாவின் குரல் என்று தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. கம்பி சுற்றும் மோட்டாரை எடுத்து முறுக்காணியில் மாட்டி அழுத்தினேன். கிர்ரென்று சுற்றியது.

"இது என்ன புதுசா?" என்றான்.

"மோட்டார். பாட்டரில ஓடுது."

"முன்னாடி கையாலதான சுத்துவ?"

"எல்லாக் கடையிலயும் இப்ப இதான். நேரம் மிச்சம்."

அவன் மேசையின் இந்தப் பக்கம் சுற்றி வந்தான். வாடிக்கையாளர் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை, அவனும் அதுவரை வந்ததில்லை. என் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் பிடியை அமுக்கிப் பார்த்தான், நான் அதற்குக் கனமாக ரப்பர் உறை மாட்டியிருந்தேன். கட்டிங் பிளேயரை எடுத்தான், வெட்டியதும் தானே விரிந்துகொள்ளும் ஸ்பிரிங் வைத்தது, போன மாதம் வாங்கியது.

"பழைய பிளேயர் என்னாச்சு?"

"அது சரியில்ல. முனை மழுங்கிப்போச்சு."

அண்ணன் அதைத் திரும்ப மேசையில் வைத்தான். தரையில் கிடந்த வெட்டிய கம்பித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டான், வலது கையால். நான் சொன்னது என் காதுக்கே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிளேயர் உண்மையாகவே மழுங்கித்தான் போயிருந்தது. பாட்டரி மோட்டார் உண்மையாகவே எல்லாக் கடையிலும் இருக்கிறது. சாயங்காலமானால் மணிக்கட்டு சோர்ந்துவிடுகிறது, நாள் முழுக்கத் திருகித் திருகி வேலை செய்கிறவளுக்குச் சோராமல் என்ன செய்யும்?

"டாக்டர் அப்பாவப் பத்திக் கேட்டாரு," என்றான் அவன். "அப்புறம், கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டான்னு கேட்டாரு. ஒரே தங்கச்சின்னு சொன்னேன். அவங்க எப்படி இருக்காங்கன்னாரு. நல்லா இருக்கான்னுதான் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா தூக்கம் வரல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. மூன்று கிட்டார். மூன்றிலும் முதல் ஃப்ரெட். எதிரில் இருந்து கேட்டால்தான் சத்தம் பிடிபடும் என்றது.

"கிட்டார் வாங்க வரலையா நீ?"

"எனக்கு எதுக்கு வாண்டு இனிமே கிட்டார்?" என்றான். கோபமோ அழுகையோ இல்லாமல், கடையை எப்போது அடைப்பீர்கள் என்று கேட்பது போலக் கேட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் வந்தது. அவனுக்கு வந்ததை அவன் வைத்துக்கொள்ளாமல் என் மேசைக்குக் கொண்டுவந்து, என் சாமான்களை நோண்டி, என்னைச் சந்தேகப்படுகிறான் என்று இருந்தது. நீ கிளம்பு, எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் தன்னுடைய பழைய கிட்டாரை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான். வலது கையால் தூக்கி, இடது முழங்கையை அடியில் கொடுத்து, பிள்ளையைத் தருவது போலத் தந்தான். அதன் கனத்துக்கு அவன் தோள் நடுங்கியது. வாங்காமல் என்ன செய்வது?

"ஒம்பதுல எல்லாம் ஒண்ணும் தெரியாது," என்றான். "எனக்கு ஒம்பதுல ரொம்ப நாள் வந்துச்சு. இதுல பிடி."

"நான் எப்ப பதினொண்ணுல வாசிச்சிருக்கேன்? நல்லா இருக்கறவளுக்கே இதுல சத்தம் வராது."

"வரும். ஃப்ரெட் மாத்தித் தந்தப்ப நீயே பிடிச்சுக் காட்டின. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அது உண்மை. வேலை சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக ஆறு கம்பியும் மணி போலக் கேட்க நான் பிடித்ததும், அவன் முதலாளியைக் கூப்பிட்டு, பார்த்தீர்களா, இவள் என் தங்கச்சி என்று பீற்றிக்கொண்டதும் உண்மை. அது இரண்டு வருடத்துக்கு முன்பு.

"இன்னொரு நாள் பாக்கலாம்ணா," என்றேன். "முதலாளி வந்துடுவாரு."

"வரட்டும்."

அவன் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தான். வெளியே வண்டிகளின் சத்தம் அடங்கி, ஆம்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. ஸ்டூலை இழுத்து என் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். என் சட்டைப்பையில் செருகியிருந்த பிக்கை, கம்பி மீட்டும் வில்லையை, அவனே உருவிக்கொண்டான். "நீ பிடி மட்டும். நான் மீட்டுறேன்," என்றான். அவனுடைய வலது கைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பிமேல் ஆள்காட்டி விரலைக் கிடத்தினேன். துரு ஏறிய கம்பி தோலில் அறுத்தது. நடுவிரலை மூன்றாவது கம்பியிலும், மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஐந்திலும் நாலிலும் வைத்தேன், பின்னாலிருந்து கட்டைவிரலை முட்டுக்கொடுத்தேன். என் கையின் மேட்டை நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான், பிழை கண்டுபிடிக்க நான் எப்போதும் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"தயாரா?"

"ம்."

ஆறாவது கம்பியை மீட்டினான். தடித்த நாதம் எழுந்து கடை முழுக்க நின்றது, சுவரில் தொங்கிய கிட்டார்கள் லேசாக முனகின. ஐந்தாவது. சுத்தமாக வந்தது. நாலாவதுக்குச் சுண்டு விரல் போதாது என்று பயந்தேன், வந்தது. மூன்றாவதும் வந்தது. மீதி இரண்டு. அந்த இரண்டையும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பிடித்திருந்தது. முன்கை எரிந்தது, கட்டைவிரலின் அடி விண்விண்ணென்று தெறித்தது. இதுவரை வந்த நாதம் அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தான். பிறகு பிக்கின் முனையை இரண்டாவது கம்பிமேல் வைத்து, மீட்டாமல், அப்படியே வைத்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து வாண்டு," என்றான் கண்ணைத் திறக்காமல்.

அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.